பாட்டை முகவரிச் சரிபார்ப்பின் வரலாறு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள உளுந்தூர்பேட்டைக்குக் கடிதம் எழுதுபவர்கள் உறையின் மேல் 606107 என்ற அஞ்சல் குறியீட்டு எண்ணை எழுதுகிறார்கள். இந்தியாவில் 1972 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்ட இந்த ஆறிலக்க முறையில், முதல் இலக்கமான 6 தமிழ்நாடு, கேரளம் முதலிய தென்பகுதியைக் குறிக்கிறது. முதல் மூன்று இலக்கங்களும் சேர்ந்து கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டத்தைக் காட்டுகின்றன. கடைசி மூன்று இலக்கங்கள் கடிதத்தைக் கொண்டு சேர்க்கும் அஞ்சலகத்தைக் காட்டுகின்றன. எண்ணின் முன்பகுதி திசையைத் தீர்மானிக்கிறது, பின்பகுதி வாசலைத் தீர்மானிக்கிறது.

கணினியின் உள்ளே நுண்செயலி, நினைவகம், சாதனங்கள் ஆகியவற்றை இணைக்கும் கம்பித் தொகுதியும் இதே முறையில்தான் செயல்படுகிறது. இத்தொகுதி தமிழில் பாட்டை எனப்படுகிறது. பாட்டை என்றால் பெருவழி. சென்னை – திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து சேலத்துச் சாலை பிரியும் உளுந்தூர்பேட்டைச் சந்திப்பைப் போல, கணினிப் பாட்டையிலும் எந்தத் தரவு எங்கே திரும்ப வேண்டும் என்பதை முகவரி என்னும் எண்தான் முடிவு செய்கிறது.

கடிதத்திற்கு நேரக்கூடியவை நான்கு. அது உரியவரிடம் சேரலாம். அந்த முகவரியில் ஆள் இல்லை என்ற குறிப்புடன் திரும்பி வரலாம். சேராமலும் திரும்பாமலும் தொலைந்து போகலாம். அல்லது வேறு ஒருவர் வீட்டில் விழுந்து, அவர் அதைப் பிரித்து, அதில் சொன்னபடி செய்துவிடலாம். பாட்டையில் செல்லும் தரவுக்கும் இந்த நான்கும் நேர்கின்றன. நான்காவது நேர்ந்தால் சாதனம் நிரந்தரமாகப் பழுதடையவும் கூடும். இதைத் தடுப்பதற்காக இயக்க முறைமையின் அடித்தளத்தில் செய்யப்படும் சோதனையே பாட்டை முகவரிச் சரிபார்ப்பு ஆகும். முகவரி சரியானதா என்ற கேள்விக்கு யார் பதில் சொல்வது என்பதில் ஏற்பட்ட மாற்றங்களே இதன் வரலாறு.

பதில் சொன்ன பாட்டை

டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1970-இல் வெளியிட்ட பிடிபி-11 கணினி, யூனிபஸ் என்ற ஒரே பாட்டையில் நினைவகத்தையும் சாதனங்களையும் இணைத்தது. இதில் 18 பிட் முகவரி இருந்ததால் 256 கிலோபைட் இடத்தைச் சுட்ட முடிந்தது. அதன் மேல்முனையில் இருந்த 8 கிலோபைட் சாதனங்களின் பதிவகங்களுக்கு ஒதுக்கப்பட்டது. வட்டு, அச்சுப்பொறி, முனையம் எல்லாம் நிரலுக்கு நினைவக முகவரிகளைப் போலவே தோன்றின.

யூனிபஸ்ஸில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில் உண்டு. செயலி முகவரியை அனுப்பி ஒரு குறிப்பைக் கொடுக்கும். அந்த முகவரிக்கு உரிய சாதனம் வேறொரு கம்பியில் பதில் குறிப்பைக் கொடுக்க வேண்டும். குறித்த மிகச் சிறிய காலக்கெடுவுக்குள் பதில் வராவிட்டால், அங்கே யாரும் இல்லை என்று செயலி முடிவு செய்து, நினைவகத்தின் 4-ஆம் முகவரியில் குறிக்கப்பட்ட பிழை கையாளும் பகுதிக்குத் தாவும். 'ஆள் இல்லை' என்று திரும்பி வரும் கடிதத்திற்கு இது ஒப்பானது.

பெல் ஆய்வகத்தின் யுனிக்ஸ் இயக்க முறைமை இந்தப் பிழையைப் பயனுள்ள கருவியாக மாற்றியது. 1975-இல் வெளியான யுனிக்ஸ் ஆறாம் பதிப்பு தொடங்கும்போது, கணினியில் எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்று யாரையும் கேட்பதில்லை. 64 பைட்டுகள் கொண்ட துண்டு துண்டாக நினைவகத்தைப் படித்துக்கொண்டே போகும். எந்த இடத்தில் பிழை எழுகிறதோ அங்கே நினைவகம் முடிந்தது என்று கொள்ளும். கடிகாரத்தையும் அது இப்படியே தேடியது. எண்ம எண்முறையில் 177546 என்ற முகவரியில் ஒரு வகைக் கடிகாரம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் 172540-இல் மற்றொரு வகை இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டும் இல்லையென்றால், கடிகாரம் இல்லை என்று அறிவித்துவிட்டு நின்றுவிடும்.

இதற்காகக் கருநிரலில் ஒரு சிறிய ஏற்பாடு இருந்தது. ஆபத்தான முகவரியைத் தொடுவதற்கு முன், பிழை எழுந்தால் எங்கே திரும்ப வேண்டும் என்பதை ஒரு மாறியில் எழுதி வைப்பார்கள். பிழை எழுந்தால் இயந்திரம் விழுந்துவிடாமல், −1 என்ற மதிப்புடன் கட்டுப்பாடு திரும்பும். பின்னர் வந்த பல இயக்க முறைமைகளும் இந்த உத்தியை ஏதேனும் ஒரு வடிவில் கையாண்டன.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வாக்ஸ் கணினிகளுக்காக உருவான பிஎஸ்டி யுனிக்ஸ் இதை ஒரு தனிச் செயற்கூறாகவே ஆக்கியது. 'தவறான முகவரி' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே அதன் பெயர். முகவரியையும், எத்தனை பைட் படிக்க வேண்டும் என்பதையும் கொடுத்தால், அங்கே சாதனம் உண்டா இல்லையா என்று அது சொல்லும். ஆனால் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது மட்டும் போதாது. எதிர்பார்த்த சாதனம்தான் அங்கே இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். ஆகவே அடுத்த படியாக, அந்தச் சாதனத்தை ஒரு குறுக்கீடு எழுப்பச் செய்து, அது வருகிறதா என்று பார்த்தார்கள். முகவரி இருக்கிறதா, அதில் இருப்பது யார் என்ற இரண்டு கேள்விகளும் இங்கேதான் தனித்தனியாகப் பிரிந்தன.

மௌனமான பாட்டை

1981-இல் வெளிவந்த ஐபிஎம் பிசியில் இந்த வசதி இல்லை. அதன் பாட்டை பின்னர் ஐஎஸ்ஏ என்று அழைக்கப்பட்டது. அதில் ஆளில்லாத முகவரியைப் படித்தால் எந்தப் பிழையும் எழாது. கம்பிகள் பொதுவாக உயர் மின்னழுத்தத்தில் நிற்பதால் எட்டுப் பிட்டுகளும் 1 ஆகத் தெரியும். அதாவது 255 என்ற எண் கிடைக்கும். உண்மையான சாதனமும் 255 என்ற மதிப்பைத் தரக்கூடும். ஆகவே பதில் வந்ததா, வரவில்லையா என்பதைக்கூட நிரலால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எழுதினாலோ, எழுதியது எங்கே போனது என்று தெரியாது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. செயலியால் 65,536 உள்ளீட்டு வெளியீட்டு முகவரிகளைச் சுட்ட முடியும். ஆனால் செலவைக் குறைப்பதற்காகப் பல அட்டைகள் முகவரியின் கீழ் 10 பிட்டுகளை மட்டுமே கவனித்தன. அதனால் 1,024 எண் இடைவெளியில் உள்ள முகவரிகள் எல்லாம் ஒரே அட்டையைச் சென்றடைந்தன. அஞ்சல் குறியீட்டின் கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் பார்த்து, 107 என்று முடியும் எல்லா ஊர்க் கடிதங்களையும் உளுந்தூர்பேட்டையில் கொண்டு போட்டால் எப்படி இருக்குமோ, அப்படியே இதுவும்.

1991-இல் தொடங்கிய லினக்ஸ் இத்தகைய இயந்திரங்களில்தான் வளர்ந்தது. வலையமைப்பு அட்டைகள் பல, பதினறும எண்முறையில் 300 என்ற முகவரியை விரும்பின. என்இ2000 வகை அட்டை அங்கே இருக்கும்போது, வேறொரு அட்டையைத் தேடும் டிரைவர் அந்த இடத்தைத் தொட்டாலே கணினி முழுவதும் உறைந்துபோகும் நிலை இருந்தது. ஆகவே, குறிப்பிட்ட முகவரிகளைத் தேடலின்போது தொடக்கூடாது என்று கணினியைத் தொடங்கும்போதே பயனர் எழுதிக்கொடுக்கும் வசதி செய்யப்பட்டது.

பாட்டை பதில் சொல்லாதபோது மென்பொருள் தானே ஒரு பதிவேட்டை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எந்த டிரைவர் எந்த முகவரி வரம்பைக் கையாளுகிறது என்று லினக்ஸ் கருநிரல் பட்டியலிட்டது. தொடக்கத்தில் டிரைவர்கள் ஒரு வரம்பு காலியாக உள்ளதா என்று முதலில் கேட்டு, பிறகு அதைத் தமதாக்கிக்கொண்டன. இந்த இரண்டு படிகளுக்கும் இடையில் வேறொரு டிரைவர் புகுந்து அதே வரம்பை எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருந்தது. எனவே கேட்பதற்கான செயற்கூறு கைவிடப்பட்டு, எடுத்துக்கொள்வதும் சரிபார்ப்பதும் ஒரே படியாக ஆக்கப்பட்டன. வெவ்வேறு நேரங்களில் செய்யப்படும் சோதனையும் செயலும் பாதுகாப்பானவை அல்ல என்பது இதிலிருந்து கிடைத்த பாடம்.

முகவரி வழங்கும் பாட்டை

1992-இல் வெளியிடப்பட்ட பிசிஐ பாட்டை, தேடும் முறையையே மாற்றியது. ஒவ்வொரு சாதனத்திற்கும் 256 பைட் கொண்ட தன்விவரப் பகுதி ஒன்று கட்டாயமாக்கப்பட்டது. அதன் முதல் 16 பிட்டுகள் உற்பத்தியாளரின் எண். ஆளில்லாத இடத்தைப் படித்தால் எல்லாப் பிட்டுகளும் 1 ஆக, 65,535 என்ற எண் கிடைக்கும். இந்த எண்ணை எந்த உற்பத்தியாளருக்கும் வழங்குவதில்லை என்று முடிவு செய்ததன் மூலம், பழைய மௌனத்திற்கே 'ஆள் இல்லை' என்ற தெளிவான பொருள் கொடுக்கப்பட்டது.

அதைவிட முக்கியமான மாற்றம், முகவரியைச் சாதனம் தேர்ந்தெடுக்காமல் கணினியே ஒதுக்கியது. சாதனத்தின் முகவரிப் பதிவகத்தில் எல்லாப் பிட்டுகளையும் 1 ஆக எழுதித் திரும்பப் படித்தால், எந்தப் பிட்டுகள் மாறாமல் 0 ஆகவே நிற்கின்றனவோ அவற்றைக் கொண்டு, சாதனத்திற்கு எவ்வளவு இடம் தேவை என்று கணக்கிடலாம். அந்த அளவு எப்போதும் 2-இன் அடுக்காகவே இருக்கும். பிறகு கணினி ஒன்றோடு ஒன்று மோதாத வரம்புகளை வழங்கும். யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று வீதி வீதியாகத் தேடுவதற்குப் பதிலாக, மனை அளந்து கதவு எண் கொடுப்பது போன்றது இது.

கேள்வியே கெடுத்த நிகழ்வு

பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் உருவாக்கிய ஐ2சி பாட்டை மிகச் சிறியது. இரண்டே கம்பிகளில் வெப்பநிலை உணரிகள், சிறு நினைவகச் சில்லுகள் போன்றவை இணைக்கப்படுகின்றன. இதில் முகவரி 7 பிட். ஆகவே 0 முதல் 127 வரை எண்கள் உண்டு. முதல் எட்டும் கடைசி எட்டும் சிறப்புப் பயன்பாடுகளுக்கு ஒதுக்கப்பட்டுள்ளதால், சாதாரணச் சாதனங்களுக்கு 8 முதல் 119 வரையிலான 112 முகவரிகளே மிஞ்சுகின்றன. லினக்ஸ் கருநிரலில், சாதனத்திற்குத் தரப்பட்ட முகவரி இந்த வரம்புக்குள் இருக்கிறதா, ஏற்கெனவே வேறு சாதனத்திற்குக் கொடுக்கப்பட்டுள்ளதா என இரண்டு சோதனைகள் செய்யப்படுகின்றன.

ஆனால் இந்தப் பாட்டையில் சாதனம் தன் பெயரைச் சொல்வதில்லை. அழைத்தால் 'இருக்கிறேன்' என்று ஒரு பிட்டில் மட்டும் பதில் தரும். 2000-களின் தொடக்கத்தில், கணினியின் வெப்பநிலை உணரிகளைக் கண்டறிவதற்காக லினக்ஸ் பயனர்கள் ஒரு தேடல் நிரலைப் பயன்படுத்தினர். அது ஒவ்வொரு முகவரியாக அழைத்துப் பார்க்கும். ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகள் சிலவற்றில் இருந்த ஒரு நினைவகச் சில்லு, அந்த அழைப்பையே எழுதும் கட்டளையின் பகுதியாக எடுத்துக்கொண்டது. அதில் இருந்த தொடக்க விவரங்கள் சிதைந்து, மடிக்கணினி மீண்டும் இயங்கத் தொடங்க முடியாமல் போனது.

இங்கே முகவரி தவறானது அல்ல. அது வரம்புக்குள்தான் இருந்தது. கேட்ட விதம்தான் தவறாக அமைந்தது. இதன் பின், கணினி ஐபிஎம் தயாரிப்பு என்று தெரிந்தால் அந்தப் பாட்டையின் டிரைவர் எச்சரித்துவிட்டு இயங்க மறுக்கும்படி செய்யப்பட்டது. நினைவகச் சில்லுகள் வழக்கமாக இருக்கும் முகவரிகளில், எழுதும் வகை அழைப்புக்குப் பதிலாகப் படிக்கும் வகை அழைப்பே பயன்படுத்தப்பட்டது. கேட்டுப் பார்ப்பதில் இழப்பு எதுவும் இல்லை என்ற பழைய நம்பிக்கை இத்துடன் முடிந்தது.

நேற்றைய முகவரி

2008-இல் லினக்ஸ் 2.6.27 பதிப்பு உருவாகிக்கொண்டிருந்தபோது இதைவிடக் குழப்பமான நிகழ்வு ஒன்று நடந்தது. சோதனைப் பதிப்பைப் பயன்படுத்தியவர்களில் சிலருடைய இன்டெல் வலையமைப்புச் சாதனம் செயலிழந்தது. அதன் நிலைத்த நினைவகத்தில் இருந்த விவரங்கள் அழிந்திருந்தன. முதலில் சந்தேகம் அந்தச் சாதனத்தின் டிரைவர் மீது விழுந்தது. வாரக்கணக்கில் நடந்த தேடலுக்குப் பின்னர், உண்மையான காரணம் அதற்குத் தொடர்பே இல்லாத இடத்தில் கிடைத்தது.

கருநிரலின் செயற்கூறுகள் இயங்குவதைக் கண்காணிக்கும் புதிய பகுதி ஒன்று, தான் பின்னர் திருத்த வேண்டிய நிரல் இடங்களின் முகவரிகளைக் குறித்து வைத்திருந்தது. சில நிரல் பகுதிகள் தொடக்க வேலை முடிந்ததும் நினைவகத்திலிருந்து நீக்கப்படுபவை. அப்படிக் காலியான முகவரிகள் பிறகு வலையமைப்புச் சாதனத்தின் பதிவகங்களுக்கு வழங்கப்பட்டன. கண்காணிப்புப் பகுதியோ பழைய குறிப்பை வைத்துக்கொண்டு அங்கே திருத்தம் செய்ய முயன்றது. எதிர்பார்த்த நிரல் இருந்தால் மட்டும் மாற்று என்ற பாதுகாப்பான கட்டளையைத்தான் அது பயன்படுத்தியது. ஆனால் எக்ஸ்86 செயலிகளில் அந்தக் கட்டளை, ஒப்பீடு தோற்றாலும் பாட்டையில் ஒரு முறை எழுதிவிடும். நினைவகத்தில் அது பழைய மதிப்பையே மீண்டும் எழுதுவதால் தீங்கு இல்லை. சாதனப் பதிவகத்திலோ எழுதுவது என்பதே ஒரு ஆணை.

கண்காணிப்புப் பகுதியை எழுதிய ஸ்டீவன் ராஸ்டெட் அதில் இருந்த பிழையை வெளிப்படையாக விளக்கினார். அந்த வசதி 2.6.27.1 பதிப்பில் நிறுத்தி வைக்கப்பட்டது. வலையமைப்புச் சாதனத்தின் நிலைத்த நினைவகத்திற்கும் எழுத்துத் தடை சேர்க்கப்பட்டது. குடியிருந்தவர் வீடு மாறிய பின்னும் பழைய விலாசத்துக்கே கடிதம் போட்டதால் விளைந்த கேடு இது. ஒரு முகவரி சரியானதா என்பது எண்ணை மட்டும் பொறுத்தது அல்ல, நேரத்தையும் பொறுத்தது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

எதிர்த் திசையில் வரும் முகவரிகள்

இதுவரை கண்டவை செயலியிலிருந்து சாதனத்திற்குச் செல்லும் முகவரிகள். வட்டு, வலையமைப்பு போன்ற வேகமான சாதனங்கள் செயலியின் உதவியின்றி நேரடியாக நினைவகத்தில் படிக்கவும் எழுதவும் செய்கின்றன. இதற்கு டிரைவர் சாதனத்திடம் ஒரு நினைவக முகவரியைக் கொடுக்க வேண்டும். பழைய ஐஎஸ்ஏ அட்டைகளால் முதல் 16 மெகாபைட்டை மட்டுமே எட்ட முடிந்தது. 32 பிட் பிசிஐ சாதனங்களுக்கு 4 கிகாபைட் எல்லை. எல்லைக்கு அப்பாற்பட்ட முகவரியைக் கொடுத்தால் மேல்பிட்டுகள் கழிந்து, தரவு வேறு ஏதோ ஓர் இடத்தில் போய் எழுதப்படும்.

தொடக்கக் கால லினக்ஸில், செயலி காணும் முகவரியை ஒரு சிறு கணக்கால் பாட்டை முகவரியாக மாற்றிவிடலாம் என்று டிரைவர்கள் நம்பின. வெவ்வேறு வகைக் கணினிகளில் அந்த நம்பிக்கை பொய்த்தது. எனவே டிரைவர் தன் சாதனத்தால் எத்தனை பிட் முகவரியைக் கையாள முடியும் என்று முதலில் அறிவிக்க வேண்டும், கருநிரல் தரும் முகவரியை மட்டுமே பயன்படுத்த வேண்டும், அது பிழையா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும் என்ற விதிகள் வந்தன. பின்னர் சாதனங்களுக்கும் நினைவகத்திற்கும் இடையே ஐஓஎம்எம்யூ என்ற காவல் உறுப்பு வைக்கப்பட்டது. சாதனம் கேட்கும் ஒவ்வொரு முகவரியையும் அது ஒரு பட்டியலுடன் ஒப்பிடுகிறது. பட்டியலில் இல்லாததைத் தடுக்கிறது. வெளியிலிருந்து செருகப்படும் கருவி கணினியின் நினைவகத்தைத் திருடாமல் இருப்பதற்கும் இதுவே முக்கியமான தடுப்பாகும்.

சென்னையில் எழுதப்பட்ட முகவரிப் பட்டியல்

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலை வன்பொருளிலிருந்தே கையாளும் வாய்ப்பு சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சக்தி நுண்செயலித் திட்டத்தால் கிடைத்தது. பேராசிரியர் வீ. காமகோடி தலைமையில் 2014-இல் தொடங்கிய இத்திட்டம், பெர்க்லியில் 2010-இல் உருவான ரிஸ்க்-வி என்ற திறந்த கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுகிறது. 2018-இல் இதன் வடிவமைப்பு இன்டெல் நிறுவனத்தின் 22 நானோமீட்டர் ஆலையிலும், பின்னர் சண்டிகருக்கு அருகில் உள்ள குறைகடத்தி ஆய்வகத்தின் 180 நானோமீட்டர் ஆலையிலும் சில்லாக வார்க்கப்பட்டது. 2025-இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்துடன் இணைந்து, விண்வெளிப் பயன்பாட்டிற்கான ஐரிஸ் என்ற சில்லு சக்தியின் அடிப்படையில் உருவாக்கப்பட்டது.

சக்தியின் வடிவமைப்பு வெளிப்படையாகக் கிடைப்பதால், முகவரி எவ்வாறு சரிபார்க்கப்படுகிறது என்பதை யாரும் படித்துப் பார்க்கலாம். முகவரிப் பட்டியலில், பதினறும எண்முறையில் 11300 என்ற இடத்தில் தொடர் தகவல் முனையம், 2000000 என்ற இடத்தில் நேரங்காட்டி, 80000000 என்ற இடத்தில் முதன்மை நினைவகம் எனப் பிரிவுகள் உள்ளன. பாட்டையில் வரும் ஒவ்வொரு முகவரியையும் ஒரு சிறு செயற்கூறு இந்த வரம்புகளுடன் ஒப்பிட்டு, உரிய சாதனத்திடம் அனுப்புகிறது. எதிலும் பொருந்தாத முகவரிகளை வாங்கிக்கொண்டு, பிழை என்று பதில் சொல்வதற்கென்றே ஓர் உறுப்பு வைக்கப்பட்டிருக்கிறது. ஐஎஸ்ஏ காலத்து மௌனத்திற்கு இடமளிக்காமல், யூனிபஸ் தந்த அதே வசதியை இது மீட்டுத் தருகிறது.

ரிஸ்க்-வி விதிகளின்படி, படிக்கும்போது இத்தகைய பிழை எழுந்தால் அதற்குக் காரண எண் 5. எழுதும்போது எழுந்தால் 7. முகவரி மொழிபெயர்ப்புப் பட்டியலில் இல்லாத பக்கங்களுக்கு 13, 15 என்ற வேறு எண்கள் உண்டு. எனவே இல்லாத சாதனத்தைத் தொட்டதா, தனக்குத் தரப்படாத பக்கத்தைத் தொட்டதா என்று கருநிரலால் பிரித்தறிய முடிகிறது. மேலும், தொடக்க மென்பொருள் சில முகவரி வரம்புகளைப் பூட்டி வைக்கவும் முடியும். பூட்டிய பின் இயக்க முறைமையே கேட்டாலும் செயலி அனுமதிப்பதில்லை.

தேடிப் பார்க்கும் வழக்கமும் இங்கே பெரும்பாலும் மறைந்துவிட்டது. எந்தச் சாதனம் எந்த முகவரியில், எவ்வளவு இடத்தில் உள்ளது என்பதைக் கூறும் சாதன மரம் என்ற விவரக் கோப்பு, கருநிரல் தொடங்கும்போதே அதனிடம் கொடுக்கப்படுகிறது. எனினும் அந்தக் கோப்பை எழுதுபவர் மனிதரே. அதில் ஓர் இலக்கம் மாறினால், கருநிரல் தவறான முகவரியையும் முழு நம்பிக்கையுடன் பயன்படுத்தும்.

இன்றைய நிலை

வன்பொருள் பிழையைச் சொன்னாலும், அது சொல்லும் நேரம் இன்றும் சிக்கலாகவே உள்ளது. வேகத்திற்காகப் பல செயலிகள் எழுத வேண்டியதைப் பாட்டையில் ஒப்படைத்துவிட்டு அடுத்த கட்டளைக்குச் சென்றுவிடுகின்றன. பிழை என்ற பதில் வந்து சேரும்போது, தவறு செய்த கட்டளை எது என்று உறுதியாகக் காட்ட முடியாமல் போகலாம். ஆகவே சாதனம் இருக்கிறதா என்று அறிய எழுதிப் பார்ப்பதைவிடப் படித்துப் பார்ப்பதும், படிப்பதற்கு முன் பதிவேட்டைப் பார்ப்பதும் டிரைவர் எழுதுவோரின் வழக்கமாக உள்ளது.

அரை நூற்றாண்டில் இந்தச் சோதனை ஒரு கேள்வியிலிருந்து நான்கு கேள்விகளாக விரிந்திருக்கிறது. இந்த முகவரியில் யாராவது இருக்கிறார்களா என்று யுனிக்ஸ் கேட்டது. இருப்பவர் நாம் தேடியவர்தானா என்பதை பிஎஸ்டி சேர்த்தது. கேட்பதால் அவருக்குத் தீங்கு வருமா என்பதை திங்க்பேட் நிகழ்வும், நாம் கேட்டு முடிக்கும் வரை அவர் அங்கேயே இருப்பாரா என்பதை 2008-ஆம் ஆண்டு நிகழ்வும் சேர்த்தன. நான்குக்கும் விடை தெரிந்த பின்னர் எழுதப்படும் எண்ணே சரிபார்க்கப்பட்ட முகவரி.